கடைசிப் படம் போடாத முகம்

பள்ளி விட்டு வந்த தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு பெரியவள் அந்தப் பழைய கட்டடத்தின் வாசலை அடையவும், மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. கீழ்த்தளத்தில் மெத்தை விற்பவர்கள் சரக்கை அடுக்கி வைத்திருந்தார்கள். நடுத்தளம் பூட்டிக் கிடந்தது. மேல்தளத்தில்தான் படம் வரையும் வகுப்பு. படிக்கட்டில் சுவரைத் தொட்டால் விரலில் சுண்ணாம்பு ஈரமாக ஒட்டியது.

"அக்கா, இங்க ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது."

"முன்னாடி ஆஸ்பத்திரியா இருந்துச்சாம். இப்ப இல்ல. வாயை மூடிட்டு வா."

"வாயை மூடினா எப்படிக்கா மூச்சு விடறது?"

"மூக்குன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

"அதுலதான் வாசனை வருது."

சின்னவளுக்குப் பதிலில்லாத நேரமே கிடையாது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்து வழியாக விசில் அடித்துக்கொண்டே படியேறினாள். அம்மா தையல் கடையிலிருந்து திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை இவளை வீட்டில் தனியாக விட்டால் வீடு வீடாக இருக்காது. அதனால் வகுப்புக்குக் கூட்டிவந்துவிடுவது என்று ஏற்பாடு.

மேல்தளம் ஒரு காலத்தில் எக்ஸ்ரே எடுத்த பகுதி. ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்பு வண்ணம் அடித்திருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் உச்சிப் பகலும் வெளியே நின்றுவிடும். டாக்டர்கள் எலும்பைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த ஒளிப்பெட்டிகளைச் சுவரிலிருந்து கழற்றி, மேசை மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்த வெள்ளைக் கண்ணாடியின் மேல்தான் மாணவர்கள் தாள் வைத்து வரைந்தார்கள். கீழிருந்து விளக்கு எரியும். தாளுக்குள் தாள் தெரியும். இருட்டில் ஆளாளுக்கு ஒரு வெளிச்சச் சதுரமும், அதன் மேல் குனிந்த ஒரு முகமுமாக இருந்தது அந்த அறை.

பெரியவள் தாமதமாகச் சேர்ந்தவள். மூலையில் ஒரே ஒரு பெட்டி மிச்சமிருந்தது.

"வாங்க மகாராணி, சிம்மாசனம் காலியாத்தான் இருக்கு" என்றாள் பக்கத்துப் பெட்டிக்காரி. மூக்குக்கண்ணாடி தடிமனானது என்பதால் வகுப்பு முழுக்க அவளைச் சோடாபுட்டி என்றே கூப்பிட்டது. அவளும் அதற்கே திரும்பிப் பார்த்தாள். "அதுல உட்கார்ந்தவங்க யாரும் படிப்பை முடிச்சதில்ல."

"ஏன்?"

"குளிருதாம். எனக்கென்ன தெரியும்? நான் வேர்த்து வடியறேன்."

பெரியவள் விளக்கைப் போட்டாள். குழல்விளக்கு இரண்டு மூன்று தரம் துடித்துவிட்டு எரிந்தது. சூடான தூசி மணத்தது. கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தாள். கீழே விளக்கு எரிகிறது, மேலே கண்ணாடி கிணற்றுச் சுவர் போல் சில்லென்றிருந்தது.

அன்று மேடம் உருமாற்றம் சொல்லிக்கொடுத்தார். ஒரு பொருள் கண் முன்னாலேயே இன்னொரு பொருளாக மாற வேண்டும். எல்லாம் கையால், பென்சிலால். மேடம் பல வருஷம் பொம்மைப் படக் கம்பெனியில் வேலை பார்த்தவர். சிரிக்காமல் பேசுவார்.

"முதல்ல, முதல் படம் போடுங்க. அடுத்து என்ன போடணும்? ரெண்டாவது படம்னு சொல்றவங்க வெளிய போயிடலாம். அடுத்து கடைசிப் படம். எங்க போய்ச் சேரணும்னு தெரியாம கிளம்பக் கூடாது. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, விளக்கைப் போட்டு, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஒரு கோடு இழுங்க. அதான் நடுப்படம். அந்த நடுவுக்கும் முதலுக்கும் நடுவுல இன்னொண்ணு. இப்படியே நிரப்பிட்டு வரணும். நடுப்படம் நிறைய இருந்தா மெதுவா மாறும். கம்மியா இருந்தா சட்டுன்னு தாவும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்" என்றது வகுப்பு, புரியாத குரலில்.

சோடாபுட்டி துடைப்பத்தை மயிலாக்கக் கிளம்பினாள். பெரியவள் தங்கையை எதிரே ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து அவள் முகத்தை முதல் படமாக வரைந்தாள். துருத்திய காது, புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு, பல் சந்து, எல்லாம் அப்படியே வந்து விழுந்தன. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"என்னை என்னவாக்கா மாத்தப் போற?"

"தெரியலடி."

"புலியா மாத்து."

"ஏற்கெனவே பாதி அதான். சும்மா இரு, வரைஞ்சிட்டே போறேன். என்ன வருதோ வரட்டும்."

ஆனால் மேடம் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசிப் படம் போடாமல் நடுவில் கை வைத்தால் எல்லார் முன்னாலும் மானம் போகும். பெரியவளுக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் ஒரு வெற்றுத்தாளை எடுத்தாள். தாள் நகராதிருக்க அதன் ஓரத்தில் போட்டிருந்த துளைகளைப் பெட்டி விளிம்பிலிருந்த குமிழ்களில் மாட்டி, கடைசிப் படம் இருக்க வேண்டிய இடத்தில், எல்லாத் தாளுக்கும் அடியில் வைத்துவிட்டாள். மேலோட்டமாகப் பார்த்தால் படம் இருப்பது போலத்தான் தெரியும்.

மேடம் எட்டிப் பார்த்தார். அடுக்கைக் கண்டார். தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

பெரியவள் மூச்சு விட்டுக்கொண்டு முதல் படத்தின் மேல் புதுத்தாளைப் போட்டாள். கீழே தங்கையின் முகம் வெளிச்சத்தில் தெரிந்தது. அதற்கும் கீழே, வெற்றுத்தாளில், சாம்பல் நிறமாக ஏதோ இருந்தது.

கண்ணாடி அழுக்கு என்று நினைத்தாள்.

கை தானாக ஓடியது. யோசிக்க வேண்டியதே இல்லாமல் இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போக வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. காதை ஒரு நூல் இறக்கினாள். மோவாயைக் கொஞ்சம் ஒடுக்கினாள். இரண்டாவது, மூன்றாவது என்று தாள்கள் சேர்ந்தன. விரலிடுக்கில் பிடித்துப் புரட்டியபோது முகம் தண்ணீருக்குள் இருப்பது போல் நெளிந்தது. சோடாபுட்டி எட்டிப் பார்த்து, "அடிப்பாவி, என் மயிலு செத்த கோழி மாதிரி இருக்கு, உனக்கு எப்படி வருது?" என்றாள். பெரியவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதை அவள் பிற்பாடு நினைத்து நினைத்து நடுங்கினாள்.

மறுநாள் காலை தங்கைக்குத் தலை வாரும்போது சீப்பு நின்றுவிட்டது. காது துருத்திக்கொண்டிருக்கவில்லை. தலையோடு படிந்து, ஒரு நூல் கீழே இறங்கியிருந்தது.

"அம்மா, இவ காதைப் பாரேன்."

அம்மா வாயில் குண்டூசியோடு திரும்பினாள். "ஏன், அழுக்கா இருக்கா?"

"இல்லம்மா. துருத்திட்டு இருக்குமே. யானைன்னு கிண்டல் பண்ணுவோமே."

"யாரைடி சொல்ற? இவ பொறந்ததுலேர்ந்து இப்படித்தான். தூங்கி வழியாம சீக்கிரம் வாரி விடு, வேன் வந்துரும்."

பெரியவள் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்தாள். தங்கை கைக்குழந்தையாக அம்மா மடியில் இருந்தாள். காது படிந்திருந்தது.

அன்று வகுப்புக்குப் போனதும் அடுக்கைக் குமிழிலிருந்து எடுத்துப் பார்த்தாள். முதல் படத்தில் காது துருத்தித்தான் இருந்தது. உலகத்தில் அது ஒன்றுதான் சாட்சி. அடியிலிருந்த வெற்றுத்தாளை வெளிச்சத்தில் தனியாக வைத்தாள்.

தாளின் பின்பக்கத்திலிருந்து யாரோ முகத்தை வைத்து அழுத்துவது போல், மூக்கின் மேடும் நெற்றியின் மேடும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன.

மூக்குக்குக் கீழே கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. விரலால் துடைத்தாள். போகவில்லை. அது கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.

படிந்து, கலைந்து, மறுபடி படிந்தது.

அவள் அந்த வெற்றுத்தாளில் தங்கையின் பழைய முகத்தையே அவசர அவசரமாக வரைந்தாள். இதுதான் கடைசிப் படம், இதிலேயே போய் நிற்கட்டும் என்று நினைத்தாள். வரைந்து முடித்து விளக்கைப் போட்டதும், பென்சில் கோடுகள் நீரில் விழுந்த எண்ணெய் போல் நகர்ந்து தாளின் ஓரத்துக்குப் போய் ஒதுங்கின. நடுவில் அந்த மேடுகள் மட்டும் இருந்தன. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் மாட்டினாள். அதிலும் மேடுகள் இருந்தன.

பயத்தில் செய்யக் கூடாததைச் செய்தாள். வரைந்து வைத்திருந்த நடுப்படங்களையெல்லாம் உருவியெடுத்துச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தாள்.

பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டிருந்த சின்னவள் சட்டென்று நிறுத்தினாள். மறுபடி முயன்றாள். வெறும் காற்றுதான் வந்தது.

"அக்கா, விசில் வரமாட்டேங்குது."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். பல் சந்து மூடியிருந்தது. புருவத் தழும்பு இல்லை. மோவாய் கூர்மையாகியிருந்தது. ஒரு நிமிஷம் முன்னால் பார்த்த முகத்துக்கும் இதற்கும் நடுவே பல படிகள் காணாமல் போயிருந்தன.

"ஏன்டி எல்லாத்தையும் கிழிச்ச?" என்றாள் சோடாபுட்டி. "இப்ப புரட்டினா தவளை மாதிரி தாவுமே. மேடம் சொன்னாங்களே, நடுப்படம் குறைஞ்சா வேகம்."

அப்போதுதான் பெரியவளுக்கு எல்லாம் விளங்கியது.

நிறுத்த முடியாது. மெதுவாக்கத்தான் முடியும்.

அன்றிலிருந்து பெரியவள் நடுப்படம் போட்டாள். இன்றைய முகத்துக்கும் அந்த அடித்தாள் முகத்துக்கும் நடுவே ஒன்று. அதற்கும் இதற்கும் நடுவே இன்னொன்று. எத்தனை தாள் சேர்கிறதோ அத்தனை மெதுவாகத் தங்கை மாறுவாள். விரல் முட்டியில் பென்சில் காய்ப்புக் காய்த்தது. சாப்பிடும்போதும் கை காற்றில் கோடு இழுத்தது. ஒரு நாள் காய்ச்சலில் படுத்து வகுப்புக்குப் போகவில்லை. அன்று மாலை பள்ளியிலிருந்து வந்த தங்கையின் குரல் ஒரு கட்டை இறங்கியிருந்தது. அதற்கப்புறம் அவள் காய்ச்சலோடும் போனாள்.

மேடமிடம் சொல்லிப் பார்த்தாள். நாக்கு ஒட்டிக்கொள்ள, தட்டுத் தடுமாறி, அடுக்கை நீட்டினாள். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார்.

"உன் தங்கச்சிதானே? நல்லா வந்திருக்கு. ஆனா என்னம்மா, ஒண்ணும் மாறலையே? எல்லாத் தாளும் ஒரே முகமா இருக்கு."

"மேடம், இங்க பாருங்க, இந்தக் காது..."

"வீட்டுல ஒழுங்கா தூங்கு" என்றார் மேடம், முதல் முறையாகக் கொஞ்சம் கனிவோடு. அந்தக் கனிவுதான் அவளை உடைத்தது. அழுதுகொண்டே பெட்டிக்குத் திரும்பினாள்.

வீட்டில் அம்மா தங்கையின் பாவாடை சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைத்தாள். தோள் ஒடுங்கியிருந்தது, கழுத்து நீண்டிருந்தது. "வளர்ற பொண்ணு, துணி எங்க நிக்குது?" என்று சொல்லிக்கொண்டே அளவு நாடாவைச் சுற்றி வைத்தாள். வளர்கிற பிள்ளைக்குத் தோள் ஒடுங்குமா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

தோன்றியது சின்னவளுக்கு மட்டும்தான். ஒரு நாள் படிக்கட்டில் ஏறும்போது நின்றாள். மழை விட்டு, ஈரச் சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா."

"என்னடி?"

"உனக்கு ஒண்ணு சொல்றேன், அம்மாகிட்ட சொல்லாதே. என் மூஞ்சி மேல யாரோ பென்சிலால கோடு போடற மாதிரி இருக்கு. உள்பக்கம்."

"வலிக்குதா?"

"வலிக்கல. கூசுது." கன்னத்தைத் தடவிக்கொண்டாள். "நான் ஏதாவது தப்பு பண்ணேனா அக்கா?"

பெரியவள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கன்னத்தோடு கன்னம் வைத்தபோது தோலுக்கு அடியில், நகத்தால் தாளைக் கீறுவது போல், அந்தச் சன்னமான சத்தம் கேட்டது.

சர்... சர்...

நடுப்படத்துக்கும் ஒரு எல்லை உண்டு. இரண்டு கோடுகளுக்கு நடுவே இன்னொரு கோடு போட இடம் வேண்டும். பெரியவள் பென்சிலை ஊசியாகச் சீவினாள். மூச்சை அடக்கிக்கொண்டு மயிரிழை இழுத்தாள். கடைசியில் ஒரு பிற்பகல், மேல்தாளின் கோடும் அடித்தாளின் முகமும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தி உட்கார்ந்துவிட்டன. நடுவே வெள்ளை இல்லை.

வரைய இடமில்லை.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று பொறி தட்டியது. படத்தை முன்னாலிருந்து பின்னால் புரட்டுகிறார்கள். பின்னாலிருந்து முன்னால் புரட்டினால்? மயில் மறுபடி துடைப்பமாகிவிடுமே!

அடுக்கைத் தூக்கினாள். கடைசியிலிருந்து புரட்டினாள். நீண்ட கழுத்து குறுகியது. மோவாய் உருண்டது. பின்னால் ஸ்டூல் கிறீச்சிட்டது. யாரோ விசிலுக்கு உதட்டைக் குவிக்கும் காற்றுச் சத்தம் வந்தது. வருகிறாள், வந்துகொண்டிருக்கிறாள்! பெரியவள் அழுகையும் சிரிப்புமாகப் புரட்டினாள். இன்னும் நாலு தாள். மூன்று. இரண்டு.

முதல் படம் இருந்த இடத்தில் வெற்றுத்தாள் இருந்தது.

தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பென்சில் அழுந்திய தடம்கூட இல்லை. கண்ணை மூடி அந்த முகத்தை நினைத்துப் பார்த்தாள். துருத்திய காது என்று வார்த்தை வந்தது. காது வரவில்லை. பல் சந்து என்று வார்த்தை வந்தது. பல் வரவில்லை.

பின்னால் சத்தம் அடங்கிவிட்டது. திரும்பினாள். நீண்ட கழுத்தும், கூர்மோவாயும், மெல்லிய உதடுமாக ஒரு பெண் சின்னவளின் பள்ளிச்சட்டையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலாமாக்கா?" என்றாள் அந்தப் பெண்.

பெரியவள் அதற்கப்புறம் அந்த வகுப்புக்குப் போகவில்லை. ஏன் என்று அம்மா கேட்டதற்கு, வரைய வரவில்லை என்று சொன்னாள்.

என்ன செய்ய முடியும்? யாரிடம் போய் எதைக் காட்ட முடியும்? போட்டோவில் அந்தப் பெண்தான் இருந்தாள். அக்கம்பக்கத்தார் அவளைத்தான் வாலு என்றார்கள். அவளும் கெட்ட பிள்ளையில்லை. சொன்ன வேலையைச் செய்தாள், வாயாடவில்லை, தலை வார உட்கார்ந்தால் அசையாமல் உட்கார்ந்தாள். மனசு எதற்கும் பழகிக்கொள்ளும் சாதி. கொஞ்சம் கொஞ்சமாக, அந்தக் கூர்மோவாயைத் தொட்டால் பெரியவளுக்கு உடம்பு கூசாமல் போயிற்று. சரி, எல்லாம் முடிந்துவிட்டது, இனி இவள்தான் என் தங்கை, இவளையாவது பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நல்ல வெயில். அம்மா அடுத்த வீட்டுக்காரி தைக்கக் கொடுத்த ரவிக்கையைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியவளும் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு சிரித்ததால் கன்னம் வலித்தது. எதிரே அந்தப் பெண் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடுடி" என்றாள் பெரியவள், அன்பாகவே.

அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள். கண்ணில் நீர் தளும்பிக்கொண்டிருந்தது. அம்மா தண்ணீர் எடுக்க எழுந்து போகும்வரை காத்திருந்தாள். பிறகு மேசைக்கு மேல் குனிந்து, பெரியவளுக்கு மட்டும் கேட்கும்படி, சின்னவளின் குரலில், படிக்கட்டில் பேசிய அதே குரலில் கிசுகிசுத்தாள்.

"அக்கா, இது கடைசி இல்லக்கா. இன்னும் கோடு போட்டுட்டுத்தான் இருக்கு."

"என்னடி ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" என்று உள்ளேயிருந்து அம்மா சிரிப்பது கேட்டது.

பெரியவளின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அத்தனை வெளிச்சத்தில், எதிரேயிருந்த முகத்தில் மேலுதட்டின் கோடு மயிரிழை அளவு இடப்பக்கமாக நகர்ந்து நின்றது.